அவன் அல்லது அவள்

பீப்பாய் உடைந்தது என்னால்தான். அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை, எனக்கும் இல்லை. நான் சீவிய பலகை, நான் மாட்டிய வளையம். "இது என் பேரன் காலம் வரைக்கும் ஒழுகாது" என்று சொல்லித்தான் கொடுத்திருந்தேன். எனக்குப் பேரன் இல்லை, பிள்ளை இல்லை, பெண்டாட்டியும் இல்லை. ஆகவே சொன்ன சொல் தவறியவன் என்று யாரும் என்னைப் பிடிக்க முடியாது. அன்றைக்கு என்னைப் பிடித்தது வேறொரு சொல்.

1807 பிப்ரவரி. நியூஜெர்சியில் எங்கள் மலையடிச் சத்திரத்தில், பனியால் வேலை நின்றுபோன ஆண்பிள்ளைகள் எல்லாம் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து நாட்டை ஆண்டுகொண்டிருந்தார்கள். ராஜாவை விரட்டியதிலிருந்து எங்கள் பக்கம் ஆளாளுக்கு ஒரு ராஜாங்கம். கோர்ட்டுக் கட்டடத்தை ஹாரோவில் கட்டுவதா, பென்டன் துறையில் கட்டுவதா என்று அடுத்த வாரம் ஓட்டெடுப்பு. அதைப் பற்றிக் காரசாரமாகப் பேசியவர்களில் பாதிப் பேர் ஜென்மத்தில் கோர்ட்டு வாசலை மிதித்ததில்லை. மீதிப் பேரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

எனக்கு ஓட்டு கிடையாது. ஐம்பது பவுன் சொத்து இருந்தால்தான் ஓட்டு. என்னிடம் இருந்தது ஒரு கோவேறு கழுதை, ஒரு இழைப்புளி, ஒரு வாய். அந்த வாய்க்கு ஆப்பிள் சாராயம் ஊற்றி வைத்திருந்தேன்.

"ஏம்ப்பா டட்டில், இந்தப் பனியில எங்க தங்கியிருக்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"எங்க தங்குவேன்? என் பெண்டாட்டி கெட்டூரா வீட்லதான்" என்றேன்.

சத்திரம் சிரித்தது. சிரிப்பு அடங்கும் முன்னால் கதவுப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. நான் வேலை பார்க்கும் ஆப்பிள் தோட்டத்துக்காரி, விதவை கெட்டூரா டாட், பூட்ஸிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டு நின்றாள். சத்திரக்காரனுக்கு ஆப்பிள் கள் கொண்டுவந்திருந்தாள்.

"அப்படியா சேதி? அப்ப புருஷா, எந்திரிச்சு வந்து பீப்பாயை எறக்கு."

கூரையிலிருந்த பனி சரிந்து விழுகிற அளவுக்குச் சிரித்தார்கள். நான் மாப்பிள்ளை முறுக்கோடு எழுந்து போனேன். உதவிக்கு வந்தவனை ஒதுக்கிவிட்டு ஒற்றையாளாகப் பீப்பாயை அணைத்துத் தூக்கினேன். இரண்டாவது படியில் கால் வழுக்கியது. வளையங்கள் தெறித்தன. அதில் ஒன்று சத்திரக்காரனின் நாயைச் சாலை வரைக்கும் துரத்திக்கொண்டு போனது. கள் முழுக்கப் பனியில் இறங்கி வாசல் பூராவும் மஞ்சளாகிவிட்டது. சில பெரிய மனிதர்கள் அந்தப் பனியை அள்ளித் தின்றார்கள். பெயர் சொல்லமாட்டேன்.

பீப்பாய் உடையாமல் இருந்திருந்தால் அந்தப் பேச்சு அன்று சாயங்காலமே ஆவியாகியிருக்கும். உடைந்ததால் ஊருக்கே அந்த நாள் நினைவிருந்தது. நாள் நினைவிருந்ததால் அன்று யார் யாரை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதும் நினைவிருந்தது.

மறுநாள் காலையில் கெட்டூராவின் கொட்டகையில், புதுப் பீப்பாயின் பலகை இடுக்குகளில் காய்ந்த சம்பங்கோரைத் தட்டையைச் செருகிக்கொண்டிருந்தேன். ஒழுகாமல் இருப்பதற்கு அதைச் செருகுவது. சத்திரத்துப் பீப்பாய்க்கும் செருகியிருந்தேன், அந்தக் கதை இப்போது வேண்டாம். அப்போது எலியாகிம் டாட் உள்ளே வந்தார். கெட்டூராவின் செத்துப்போன புருஷனுக்குத் தம்பி. பென்டன் துறையில் அவருக்குச் சரக்குக் கிட்டங்கியும் காலி மனைகளும் இருந்தன. கோர்ட்டு அங்கே வந்தால் அந்த மனைகள் காலியாக இருக்காது. நான் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து என்னை "ஏய் பீப்பாய்" என்றுதான் கூப்பிடுவார்.

"என்னண்ணே, கை வெறைக்கலையா?" என்றார்.

நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். கழுதை மட்டும்தான் நின்றது.

"உங்களைத்தான். அண்ணியைக் கட்டினவர் எனக்கு அண்ணன் முறைதானே?"

"யாரு கட்டினது?"

"சத்திரமே கேட்டுச்சே. நீங்க பெண்டாட்டின்னீங்க, அவங்க புருஷான்னாங்க. ரெண்டு பேருக்கும் வயசு வந்தாச்சு. சாட்சிக்கு ஊரே இருக்கு. பாதிரியாரும் வேணாம், மோதிரமும் வேணாம், நாலு பேர் முன்னால வாயால ஒத்துக்கிட்டாலே கல்யாணம்தானாம். ஹாரோ வக்கீலைக் கேட்டுட்டுத்தான் வரேன்."

"அது வேடிக்கைக்குச் சொன்னதுங்க."

"எந்தக் கல்யாணம் வேடிக்கையில்லாம ஆரம்பிச்சிருக்கு?" என்று என் முக்காலியில் உட்கார்ந்தார். "யோசிச்சுப் பாருங்க. பெண்டாட்டி சொத்து புருஷன் கையில. இந்தத் தோட்டம், ஆப்பிள் செக்கு, குதிரை எல்லாம் இனி உங்க பேச்சுக்குத்தான் நடக்கும். ஐம்பது பவுனுக்கு மேல சொத்துள்ள ஆம்பளை நீங்க. வியாழக்கிழமை கம்பீரமா வந்து துறைக்கு ஓட்டுச் சீட்டுப் போடுங்க. அப்புறமா தோட்டத்து மேற்குச் சரிவு நிலத்தை எனக்கு விட்டுக் கொடுங்க. தம்பி உங்களை ஏமாத்த மாட்டேன்."

"அப்ப கெட்டூராம்மா சீட்டு?"

"கல்யாணமானவளுக்கு ஏதுண்ணே சீட்டு?"

போகும்போது என் தோளில் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தோளை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அது கெட்ட சேதியாகவே படவில்லை. நான் ஆசைப்பட்ட பெண், ஆசைப்படக்கூடத் துணியாத தோட்டம், ஊரில் நாலு பேர் மரியாதை. எல்லாம் நேற்று ஒரு வாய்ச் சொல்லிலேயே நடந்து முடிந்துவிட்டதாம். நான் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருப்பது. அதைத்தான் நான் வாழ்க்கையில் ஒரு தடவையும் செய்ததில்லை.

மத்தியானச் சாப்பாட்டில் சொல்லிவிட்டேன். பன்றிக் கொழுப்பு போட்டு வேகவைத்த பயறும் சோள ரொட்டியும். மேஜையில் நாங்கள் மூன்று பேர். மூன்றாவது ஆள் சாம்சன் ஜேகோபஸ். அடிமையாகப் பிறந்து, தன்னை விலை கொடுத்து மீட்டுக்கொண்டு, ஓடைக்கு அந்தப் பக்கம் சொந்த நிலம் வாங்கிய கறுப்பர். அறுவடைக் காலத்தில் கெட்டூராவின் செக்கில் குதிரை ஓட்டுவார். பனிக்காலத்தில், வெளியே வைத்த கள்ளுப் பீப்பாய்களில் தண்ணீர் உறைந்ததும் நடுவில் உறையாமல் நிற்கிற சாராயத்தை வடித்தெடுக்கிற வேலை அவருடையது. அவருக்கும் சீட்டு உண்டு. அந்த மேஜையில் சீட்டில்லாத ஒரே பிறவி நான்தான்.

கேட்டதும் கெட்டூரா விழுந்து விழுந்து சிரித்தாள். சாம்சன் சிரிக்கவில்லை.

"அக்கா, அந்தாளு வக்கீலைப் பார்த்துட்டுல்ல வந்திருக்கான்" என்றார்.

அவள் கரண்டியை வைத்துவிட்டாள்.

"யோவ் டட்டில், நான் சொன்னது உன்னை வேலை வாங்குறதுக்கு."

"தெரியுங்க."

"பீப்பாயையும் உடைச்ச."

"அதுவும் தெரியுங்க."

"இந்தத் தோட்டத்துல ஒவ்வொரு மரமும் நான் குழி தோண்டி நட்டது. அவர் இருந்த வரைக்கும் சீட்டு அவர் போட்டாரு. எனக்குப் புத்தி கிடையாதுன்னு சட்டம். அவரைப் புதைச்சிட்டு வந்ததும் எனக்குப் புத்தி வந்துடுச்சுன்னு அதே சட்டம். சரி, எப்படியோ வந்துச்சேன்னு வருஷம் தவறாமப் போட்டுட்டு வரேன். இப்ப நீ பனியில வழுக்கினதால எனக்குத் திரும்பவும் புத்தி போயிடுச்சா?"

"கோர்ட்டு ஹாரோவுல வந்தா ரோடு நம்ம தோட்டத்து ஓரமாப் போகும்" என்றார் சாம்சன். "கள்ளு ஏத்திட்டு நேரா சந்தைக்குப் போகலாம். அது பொறுக்கல அவனுக்கு."

"ரோடு கெடக்கட்டும் சாம்சன். ரோடே வரலைன்னாலும் வரலைன்னு சொல்ல எனக்கு ஒரு சீட்டு வேணும்." என்னைப் பார்த்தாள். "நீ என்ன சொல்லி அனுப்பின அவனை?"

"வேடிக்கைன்னேன். அப்புறம் ஒண்ணும் சொல்லலீங்க."

"ஒண்ணும் சொல்லலையா? நீயா?"

நான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அவள் பயறுச் சட்டியை என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டாள். பசி போய்விட்டால் அவள் எப்போதும் அடுத்தவனுக்குப் போடுவாள்.

வியாழக்கிழமை பனி உருகி வழியெல்லாம் சேறு. வண்டியில் முன்னால் அவளும் சாம்சனும். கெட்டூரா கறுப்புத் தொப்பி போட்டிருந்தாள். துக்கத்துக்கு வாங்கியது, இப்போது சீட்டுப் போடும் நாளுக்கு மட்டும் எடுப்பாள். பின்னால் பீப்பாய்களுக்கு நடுவே நான், வண்டியின் வாலில் கட்டியபடி என் கழுதை. சத்திரத்தின் பெரிய அறையில் மேஜை போட்டு, பெட்டி வைத்து, யூசல் பேல் உட்கார்ந்திருந்தார். மற்ற நாட்களில் குதிரைக்கு லாடம் அடிப்பவர். அன்று மட்டும் தேர்தல் மேற்பார்வை. குதிரைகள் இவ்வளவு பேசாது என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

வரிசையில் அன்று பெண்கள் வழக்கத்தைவிட அதிகம். கெட்டூராவுக்கு முன்னால் நின்ற பெண்மணி என்னைவிடத் தோள் அகலம். பாவாடைக்குக் கீழே துறைமுகச் சுமைக்காரர்களின் பூட்ஸ். தொப்பி நாடாவை மூக்கு வரைக்கும் இழுத்துக் கட்டியிருந்தாள்.

"பேர்?" என்றார் யூசல்.

"பேஷன்ஸ்" என்றது ஒரு கட்டைக் குரல்.

"சொத்து?"

"இருக்கு."

யூசல் தலை நிமிராமல் சீட்டை வாங்கிப் பெட்டியில் போட்டார். வரிசை நீளம், அவருக்கு வீட்டுக்குப் போக வேண்டும்.

"ஏம்மா பேஷன்ஸ்" என்றாள் கெட்டூரா, "சவரம் பண்ணும்போது மோவாயில வெட்டிக்கிட்டியே, எரியுதா?"

பேஷன்ஸ் பாவாடையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிப்போனாள். போன வேகத்தைப் பார்த்தால் அடுத்த ஊரிலும் அவளுக்குச் சீட்டு இருந்திருக்க வேண்டும்.

கெட்டூரா தன் சீட்டை நீட்டினாள். சுவரோரம் நின்ற எலியாகிம் தொண்டையைச் செருமினார்.

"ஆட்சேபணை. அண்ணி கல்யாணமானவங்க. புருஷன் அதோ, கதவுகிட்ட கழுதையைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு."

அறை திரும்பி என்னைப் பார்த்தது. கழுதையும் பார்த்தது. யூசல் பெருமூச்சு விட்டார்.

"யூசல், முன்னால ஒரு சுமைக்காரன் பாவாடை கட்டிக்கிட்டுப் போட்டுட்டுப் போறான்" என்றாள் கெட்டூரா. "அதுக்கு யாரும் ஆட்சேபணை சொல்லல. நெசமான பொம்பளை வந்ததும்தான் எல்லாருக்கும் சட்டம் ஞாபகம் வருதா?"

"கெட்டூராம்மா, ஆட்சேபணைன்னு வந்துட்டா நான் விசாரிச்சுத்தான் ஆகணும். டட்டில், இங்க வா. பைபிள்ல கையை வை. நீ இவங்க புருஷனா?"

புத்தகத்தின் அட்டை ஜில்லென்று இருந்தது. எலியாகிம் பின்னாலிருந்து மெதுவாக "அண்ணே" என்றார். அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. இன்னொரு தடவை கேட்கலாம் போலிருந்தது. கெட்டூரா என்னைப் பார்க்கவில்லை. நேராகப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"இல்லீங்க" என்றேன்.

"அப்ப சத்திரத்துல பெண்டாட்டின்னு சொன்னது?"

"அது ஆசைங்க."

கொஞ்சம் சிரிப்பு.

"சும்மா வாயில வந்ததா, நெசமாவே கேட்டிருக்கியா?" என்றார் யூசல்.

"கேட்டிருக்கேன். வருஷா வருஷம், பழம் பறிச்சு முடிஞ்சதும் கேட்பேன்."

"என்ன பதில் சொன்னாங்க?"

"முதல் தடவை, குதிரைக்குத் தண்ணி காட்டுன்னாங்க. அடுத்த வருஷம், கூரையில ஓட்டை இருக்குன்னாங்க. போன வருஷம், பன்னி வெளிய வந்துடுச்சுன்னாங்க."

"வந்திருந்துச்சா?"

"வந்திருந்துச்சுங்க. அந்த ஒரு பதில்தான் நேரா இருந்துச்சு."

அறை முழுக்கச் சிரித்தது. என் காது சுட்டது. ஒரு ஆண்பிள்ளை தன் மானத்தை இப்படி ஊர் நடுவில் கொட்டிக் கவிழ்ப்பது சத்திர வாசலில் கள்ளைக் கொட்டுவதுபோல் அல்ல. இதை யாரும் அள்ளித் தின்ன மாட்டார்கள்.

"மாட்டேன்னு சொல்லலியே" என்று எலியாகிம் பாய்ந்தார். "கவனிங்க, ஒரு தடவைகூட மாட்டேன்னு சொல்லல."

யூசல் குழம்பிப்போய் கெட்டூரா பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லிடுங்கம்மா. இவரைக் கட்டிக்கிட்டீங்களா, கட்டிக்க மாட்டீங்களா?"

"காலையிலேருந்து எத்தனை ஆம்பளைகிட்ட இந்தக் கேள்வியைக் கேட்ட யூசல்?"

யூசல் பெட்டியை நகர்த்தி நேராக வைத்தார்.

"உன் மேஜையில சட்டம் இருக்குல்ல. அதைப் படி. யாரு சீட்டுப் போடலாம்?"

"எதுக்கும்மா இப்ப?"

"படி."

யூசல் விரலை வைத்து மெதுவாகப் படித்தார். 'வாக்காளர் ஒவ்வொருவரும் தாம் வசிக்கும் ஊரில், அவன் அல்லது அவள் விரும்புகிறவர்களின் பெயரெழுதி' என்று போய்க்கொண்டிருந்தபோது கெட்டூரா நிறுத்தினாள்.

"எந்த வார்த்தை அது? அவனுக்குப் பக்கத்துல?"

"அவள்."

"அந்த அவள் நான்தான். எனக்குப் புருஷன் இல்லைன்னு இந்தாளு சத்தியம் பண்ணிட்டான். மீதியை நானும் அவனும் பேசிக்குவோம். சீட்டை வாங்கு."

வாங்கினார். அடுத்து சாம்சன் தொப்பியைக் கழற்றிவிட்டு வந்து தன் சீட்டைக் கொடுத்தார். எலியாகிம் அவருக்கும் ஏதோ சொல்ல வாயெடுத்து, கெட்டூரா திரும்பிப் பார்த்ததும் இருமிக்கொண்டார்.

அந்த ஓட்டெடுப்பில் ஹாரோ ஜெயித்தது. ஜெயித்தது என்றால், அங்கேயும் பாவாடைக்குப் பஞ்சமில்லை என்று அர்த்தம். எண்ணிப் பார்த்தால் இரண்டு பக்கமும் குழந்தை குட்டியையும் ஆடு மாட்டையும் சேர்த்தால்கூட அத்தனை சீட்டு வராது. சட்டசபை அந்த ஓட்டெடுப்பையே ரத்து செய்தது. தப்பு எங்கே நடந்தது என்று பெரிய மனிதர்கள் மாதக்கணக்கில் கூடிக் கூடி யோசித்தார்கள்.

அவர்கள் கண்டுபிடித்த விடை நவம்பரில் வந்து சேர்ந்தது. செக்கு ஓடிக்கொண்டிருந்தது. சாம்சன் குதிரையைச் சுற்ற விட்டிருந்தார். கல் தொட்டியில் ஆப்பிள் நசுங்கி, கொட்டகை முழுக்கப் புளிப்பும் தேனீயும். கெட்டூரா கூழை அள்ளி வைக்கோல் மேல் பரப்பி, ஓரங்களை மடித்து, அதன் மேல் அடுத்த அடுக்கு பரப்பிக்கொண்டிருந்தாள். அடுக்கு கோணினால் அழுத்தும்போது பக்கவாட்டில் பிதுங்கி எல்லாம் வீணாகும், அதனால் அந்த வேலையை யாரிடமும் கொடுக்கமாட்டாள். நான் அடுக்கை அழுத்தும் திருகாணியைச் சுற்றுகிற கட்டையில் தொங்கிக்கொண்டிருந்தேன்.

எலியாகிம் குதிரையை விட்டு இறங்காமலே சொன்னார்.

"சேதி தெரியுமா அண்ணி? புதுச் சட்டம். இனி பொம்பளைக்குச் சீட்டு இல்லை. கறுப்பருக்கும் இல்லை. குளறுபடி எல்லாம் அவங்களாலதான் வருதாம்."

"பாவாடை கட்டினது உன் கிட்டங்கி ஆளுங்க கொழுந்தனாரே."

"அது எப்படியோ. பாவாடைன்னு ஒண்ணு இருந்ததாலதானே கட்டினான்?" என்னைப் பார்த்தார். "உனக்கு யோகம்டா பீப்பாய். ஐம்பது பவுன் கணக்கெல்லாம் யாரும் பார்க்கமாட்டாங்க. வெள்ளைக்கார ஆம்பளை, ஏதாவது வரி கட்டியிருந்தாப் போதும். நீ வரி கட்டுறியா?"

"கழுதைக்குக் கட்டுறேன்."

"அப்ப நீயும் போடலாம்."

இப்படியாக என் கழுதை என்னைக் குடிமகனாக்கியது. ஒரே சட்டம், ஒரே நாளில், அவள் கையிலிருந்தும் சாம்சன் கையிலிருந்தும் எடுத்து என் கையில் வைத்துவிட்டது. நான் கேட்கவில்லை. கேட்காமலே கிடைத்த பொருளைப் பற்றி என் அனுபவம் நல்லதாக இருந்ததில்லை.

சாம்சன் குதிரையை நிறுத்தினார். "கழுதை கெடாவா, பொட்டையா?"

"பொட்டை."

"பார்த்து வச்சுக்க. அதுகிட்ட இருந்தும் எதையாவது புடுங்கிடப் போறாங்க." பிறகு எலியாகிமிடம், "என் நிலத்துக்கு வரி கேட்டு இனிமே ஆள் வருமா வராதா?" என்றார்.

"அது வராமலா?"

"அப்ப என் காசு மட்டும் வெள்ளை."

கெட்டூரா வைக்கோல் ஓரத்தை மடிப்பதை நிறுத்தவில்லை. மடித்து, தட்டி, அடுத்த கை வைக்கோல் எடுத்தாள்.

"அடுத்த தேர்தல் எப்ப?" என்றாள்.

"வர்ற அக்டோபர்" என்றேன்.

"வண்டி அச்சுக்கு எண்ணெய் போடணும், ஞாபகப்படுத்து."

"அண்ணி, உங்களை விடமாட்டாங்கன்னு சொல்றேன்ல" என்றார் எலியாகிம்.

"விடமாட்டேன்னு வாயால சொல்லட்டும். காகிதத்துல எழுதி வச்சிட்டா யாருக்கும் கூச்சமில்ல கொழுந்தனாரே. நான் வீட்ல உட்கார்ந்துட்டா அவங்களுக்கு வேலை மிச்சம். என் கள்ளைக் குடிச்ச வாயால, என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லணும். வருஷா வருஷம் சொல்லணும். டட்டில், ஏன் நிக்கிற? சுத்து."

சுற்றினேன். அடுக்கிலிருந்து சாறு இறங்கியது. எலியாகிமுக்கு ஒரு குவளை கொடு என்று வழக்கமாகச் சொல்பவள் அன்று சொல்லவில்லை.

அடுத்த அக்டோபரில் போனோம். அதே வண்டி, அதே கறுப்புத் தொப்பி. இந்தத் தடவை நானும் வரிசையில் நின்றேன், அவர்கள் இரண்டு பேருக்கும் பின்னால். என் சட்டையைக் கெட்டூரா முந்தின நாள் வெளுத்துக் கொடுத்திருந்தாள். பாவாடை ஒன்றுகூடக் காணோம். எல்லாம் நிஜப் பூட்ஸ், நிஜத் தாடி. 

"கெட்டூரா டாட். மலையடி. சொந்தத் தோட்டம்" என்று சீட்டை நீட்டினாள்.

யூசல் மேஜையைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல."

"முடியாதும்மா."

"யாரு முடியாதுங்கிறது?"

"சட்டம்."

"சட்டத்துக்கு வாய் இல்லை யூசல். உனக்குத்தான் இருக்கு. யாரு?"

அவர் நிமிர்ந்தார். நல்ல மனிதர்தான். கெட்டூராவின் குதிரைக்குப் பனியில் நடந்து வந்து லாடம் அடித்தவர்.

"நான்தான்" என்றார். "நான் சொல்றேன், முடியாது."

"சரி. அடுத்த வருஷமும் வருவேன். தயாரா இரு."

அவள் வெளியே போகவில்லை. ஒரு அடி தள்ளி, மேஜைக்குப் பக்கத்திலேயே நின்றாள். சாம்சன் முன்னால் வந்தார்.

"சாம்சன் ஜேகோபஸ். மலையடி. சொந்த நிலம்."

"முடியாது சாம்சன்."

"யாரு சொல்றது?"

"நான்."

சாம்சன் தலையசைத்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். சுவரோரம் எலியாகிம் சிரித்தார். தனியாகச் சிரிப்பது தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். வரிசையில் இருந்தவர்கள் தங்கள் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீட்டு அத்தனை கனமான பொருள் என்று அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

என் முறை வந்தது. யூசல் கை நீட்டினார்.

"எனக்கும் வேணாங்க" என்றேன். வீரம் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

"யோவ் டட்டில்" என்றாள் கெட்டூரா, அறை முழுக்கக் கேட்கும்படி. "நீ வேணாம்னு விட்டா அது மிச்சமாகி என் கைக்கு வந்துடுமா? உனக்குக் கொடுத்திருக்கான், போடு. போட்டுட்டு, எங்க ரெண்டு பேரையும் பார்த்துக்கிட்டே வெளிய வா. எல்லாரும் அப்படித்தான் போகணும். அதுக்குத்தான் நிக்கிறோம்."

போட்டேன். என் முதல் சீட்டு. பெட்டிக்குள் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. அவர்களைப் பார்த்துக்கொண்டேதான் வெளியே வந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்களும் அவர்களைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. சிலர் தொப்பியைத் தொட்டார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தார்கள். பெட்டியை மூடுகிற வரைக்கும் இரண்டு பேரும் அசையவில்லை. யூசல் ஒரு தடவை நாற்காலி கொண்டுவரச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டாள்.

திரும்பும்போது ஓடைத் திருப்பத்தில் சாம்சன் இறங்கிக்கொண்டார். "கால் வலிக்குது அக்கா. ஆனா யூசலுக்குக் கழுத்து வலிக்கும், அத்தனை குனிஞ்சான்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு வண்டியில் நாங்கள் இரண்டு பேர். மலை முழுக்க இலைகள் சிவந்து கிடந்தன. வழியோரம் விழுந்த பழங்களைக் குளவிகள் மொய்த்துக்கொண்டிருந்தன. அந்த வருஷத்துக் கல்யாணக் கேள்வியை நான் இன்னும் கேட்கவில்லை. பறிப்பு முடியவில்லை என்றாலும் இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று எனக்குப் பட்டது. என் சமயப் பொருத்தம் எப்போதுமே அப்படித்தான்.

"கெட்டூராம்மா, ஒண்ணு சொல்லட்டுங்களா? முன்னால உங்களுக்கு ஒரு சீட்டு இருந்துச்சு. கல்யாணம் பண்ணிக்கிட்டா அது போயிடும். நியாயந்தான். இப்பத்தான் அது எப்படியும் போயிடுச்சே. இனிமே என்னைக் கட்டிக்கிட்டா உங்களுக்குப் பெரிசா நஷ்டம் ஒண்ணும் இல்லீங்க."

உலகத்தில் இதைவிட மோசமாக ஒருவன் பெண் கேட்டிருக்க மாட்டான். வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அவள் கடிவாளத்தை இழுத்துக் குதிரையை நிறுத்தினாள். ஏதாவது வேலை சொல்வாள், இறங்க வேண்டியதுதான் என்று நான் ஒரு காலைக்கூடத் தூக்கிவிட்டேன்.

"உட்காரு" என்றாள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். நெற்றியில் நாடாவின் தடம் சிவப்பாக இருந்தது.

"கட்டிக்க மாட்டேன் டட்டில். இன்னைக்கும் மாட்டேன், பறிப்பு முடிஞ்சு கேட்டாலும் மாட்டேன். சீட்டை அவங்க என்கிட்டேருந்து புடுங்கினாங்க. புடுங்கினவன்கிட்ட வருஷா வருஷம் போய் நின்னு கொடுறான்னு கேட்கலாம். நான் உன்னைக் கட்டிக்கிட்டா, நானே என் கையால எடுத்து நீட்டின மாதிரி. அப்புறம் யாருகிட்டப் போய் நிக்கிறது? தோட்டமும் அப்படித்தான். நீ நல்லவன், எடுத்துக்க மாட்ட. ஆனா நீ நல்லவனா இருக்கிற வரைக்கும்தான் என்னுதுன்னா, அது என்னுது இல்ல."

குதிரை தலையை ஆட்டிக்கொண்டது. நான் மெதுவாகக் கேட்டேன்.

"என்னைப் பிடிக்காதுன்னு நேரா சொல்லியிருக்கலாமேம்மா. இத்தனை வருஷம் ஏன் இழுத்தடிச்சீங்க?"

"பிடிக்காதுன்னு யாரு சொன்னா? மாட்டேன்னு சொன்னா நீ கழுதையைப் புடிச்சிக்கிட்டு ஊரை விட்டே போயிடுவியோன்னு பயம், அதான் சொல்லல. பிடிச்சிருக்கு. கட்டிக்க மாட்டேன். ரெண்டும் நெசம்."